கவனிக்க வருகிறவருக்கு ஒரு நாற்காலி

என் மைக்செட்டு வண்டியில் முதலில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். பிறகு ஆம்ப்ளிபயர், மைக்கு, ஒயர்ப் பெட்டி, மூங்கில் கம்பு. கடைசியாக ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலி பேச வருகிறவருக்கு இல்லை. அவர்களுக்கு மேடையில் பெஞ்சு உண்டு. எனக்கும் இல்லை. நான் ஒயர்ப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வேன். நாற்காலி, கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு மேலே போய்ச் சொல்ல வருகிற போலீஸ்காரருக்கு.

அவர் பெயரை எழுதவில்லை. பிள்ளைகள் இருப்பார்கள். ஊரில் சி.ஐ.டி. ஏட்டையா என்போம். மப்டியில்தான் வருவார். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்டு, சைக்கிளில் குடை. ஆனால் முடிவெட்டு போலீஸ் முடிவெட்டு. பால்வாடிப் பிள்ளைக்கும் அவர் யாரென்று தெரியும். மறைக்க அவரும் பாடுபடவில்லை.

எங்கள் ஊர் முக்கூடலுக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஜில்லா முழுக்க ஜாதிக் கலவரம். பஸ்ஸுக்குக் கம்பி வலை அடித்து ஓட்டினார்கள். சிலைகளுக்குக் கூண்டு போட்டார்கள். எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு. கீழத்தெருக்காரர்கள் பிணத்தைக் கொண்டுபோக மெயின் ரோட்டை விட்டு வயல் வழியாகச் சுற்ற வேண்டும். டீக்கடையில் அவர்களுக்குத் தனி கிளாஸ். இதைக் கேட்கத்தான் கீழத்தெருப் பையன்கள் சங்கம் வைத்தார்கள். போலீஸில் மேலே இருக்கிறவர்கள் அதைத் தீவிரவாதச் சங்கம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தைக் கவனிக்க ஏட்டையாவைப் போட்டார்கள்.

என் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். மேலத்தெருக் கோயில் கொடைக்கும் என் செட்டுதான். கீழத்தெருச் சடங்குக்கும் என் செட்டுதான். கீழத்தெருவுக்குப் போகாதே என்று சொல்லிப் பார்த்தார்கள். போனேன். அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் அவர் என் பக்கம் வந்து, "இங்கன இருந்துக்கிடட்டா?" என்றார்.

"முன்னால எடம் கெடக்கே."

"முன்னால குழா இரையுது. செட்டுக்குப் பக்கத்துலதான் பேச்சு தெளிவா கேக்கும்."

அது நிஜம். குழாய்க்கு நேரே நின்றால் இரைச்சல்தான் கேட்கும். செட்டுக்காரன் உட்காரும் இடத்தில்தான் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் கிடந்த மடக்கு நாற்காலியைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

அவர் எதையும் எழுத மாட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று பையன்கள் சிரிப்பார்கள். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே, பேசினவன் பேசினதை அப்படியே திரும்பச் சொல்லுவார். இருமினது உட்பட.

"எப்படிவே ஞாபகம் இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் ஒண்ணும் கூட்ட மாட்டேன். ஒண்ணும் கொறைக்க மாட்டேன். அப்ப ஞாபகம் தானா இருக்கும்."

அவருடைய குணம் அதுதான். வேறு குணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் டீக்கடையில் ஒரு ஆள் மூச்சிரைக்க வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு பேர் அரிவாளோடு வருகிறார்களாம். ரோட்டில் ஒரு லாரி நின்றது. எதிர்த்துப் போக அதில் ஏற ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏட்டையா டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை.

"நீரு பாத்தீரா?"

"சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"எம் மச்சினன்."

"அவரு பாத்தாரா?"

"அவருக்கும் யாரோ சொன்னாவளாம்."

"அப்ப எனக்குத் தெரியாதுன்னு சொல்லும். அதான சரி?"

வந்தவன் முழித்தான். யாரோ ஒரு ஆள் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்த பிறகு லாரியில் ஏறுவது கஷ்டம். அன்றைக்கு லாரி காலியாகப் போனது.

வீட்டிலும் அப்படித்தானாம். அவர் சம்சாரம் கோயில் கொடைக்கு வந்தபோது என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதிருக்கிறது. "கொழம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, உப்பு கொறவு, புளி சரிங்காவ. கலியாணம் ஆன நாள்லேருந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வாயில வரல மதினி."

சங்கத்துப் பையன்களுக்கு அவர்மேல் கோபம் இல்லை. பழகிப்போனது. நாளைக்கு எங்கே கூட்டம், யார் பேசுகிறார்கள் என்று அவர்களே போய்ச் சொல்லிவிடுவார்கள். வெயிலில் அவர் சைக்கிளில் அலைய வேண்டாமே என்று. கூட்டம் இல்லாத வாரம், "அண்ணாச்சி, இந்த வாரம் நாங்க தீவிரவாதம் ஒண்ணும் பண்ணல. மதினியக் கூட்டிக்கிட்டு சினிமாவுக்குப் போங்க" என்பான் சுடலைமுத்து. சங்கத்துக்கு அவன்தான் தலைவன். பீடிக் கடையில் லோடு ஏற்றுகிறவன். குழாய் கட்ட என்னோடு கம்பத்தில் ஏறுவான். செட்டைப் பற்றிப் பாதி தெரியும் அவனுக்கு.

சுடலையின் அம்மா பீடி சுற்றுகிறது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அது நேரே ஏட்டையாவிடம் போனது. போலீஸ்காரர்தானே, விசாரித்துச் சொல்லட்டும் என்று. மகனை வேவு பார்க்கிற ஆளிடமே மருமகனையும் வேவு பார்க்கச் சொன்னது. எங்கள் ஊரில்தான் இது நடக்கும்.

ஏட்டையா கல்லிடைக்குறிச்சி வரை சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"பையன் குடிப்பான். பொழுது சாஞ்ச பொறவு. பகல்ல குடிச்சு யாரும் பாக்கல. கை நீட்டுவானான்னு கேட்டேன். மூத்த பொண்டாட்டிய நீட்டுனானாம்."

"மூத்த பொண்டாட்டியா! அத யாருமே சொல்லலியே எய்யா!"

"நீ குடிப்பானான்னுதான கேட்ட. வழியில இதுவும் காதுல விழுந்துது. விழுந்தத வச்சுக்கிட முடியுமா?"

அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றார்கள். வேறு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் ஒன்று சுருட்டிக்கொண்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வெளியூரிலிருந்து சங்கத்து ஆட்கள் யார் யார் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள் என்று மேலே போய்ச் சொன்னார். ஏன் சொன்னீர் என்று கேட்டதற்கு, "வந்திருந்தாவளே?" என்றார்.

அந்த வருஷம் கீழத்தெருவில் ஒரு சாவு விழுந்தது. சுடலைக்குச் சிநேகிதன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவனை வெட்டிப் போட்டிருந்தார்கள். இரங்கல் கூட்டத்துக்கு நான் செட்டுக் கட்டினேன். ஏட்டையா பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சுடலை நல்லபடியாகத்தான் ஆரம்பித்தான். யாரும் கல்லைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னான். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "இனிமே இங்க ஒரு அடி விழுந்தா, நாங்க ரெண்டு அடி குடுப்போம்" என்றான். ஏட்டையா கண்ணைத் திறந்தார்.

கூட்டம் முடிந்து சுடலை ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, வாய் தவறிட்டு. அத மட்டும் விட்டுருங்க."

"விட மாட்டேன்லே."

"அண்ணாச்சி..."

"கல்லத் தொடாதியன்னு மூணு மட்டம் சொன்ன. அதையும் சொல்லுவேன். அதையும் விட மாட்டேன்."

இரண்டையும் சொன்னார். மேலே இருந்தவர்கள் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் விடியற்காலை சுடலையைப் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் போட்டார்கள். ஜாமீன் கிடையாத சட்டம்.

அவன் அம்மா பீடித் தட்டோடு ரோட்டுக்கு வந்து அவர் சைக்கிளை மறித்தது.

"எம் மவன் வாங்கிக் குடுத்த டீயக் குடிச்ச வாய்தானவே அது?"

"ஆமா தாயி. குடிச்சேன்."

"எம் மவ கலியாணத்துல சோறு தின்ன வாய்தான?"

"ஆமா."

"ஒரு பேச்ச முழுங்க முடியலியா ஒமக்கு?"

"முடியல."

"வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதா?"

"தெரியாது தாயி."

அது அவர் முகத்தில் துப்பவில்லை. ரோட்டில் துப்பியது. அவர் நின்றார். அது வீட்டுக்குள் போகிற வரை நின்றுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு பையன் என் வண்டியிலிருந்து நாற்காலியை இறக்க விடவில்லை.

"அந்த ஆளுக்கு நாக்காலி கெடையாது. நிக்கட்டும்."

"மேடையில யாரு உக்காரணும்னு நீ சொல்லு" என்றேன். "செட்டுக்குப் பக்கத்துல நான் சொல்லுவேன்."

விரித்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்றால், முட்டி வலி நிஜம். வேறு காரணம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. யாரும் அவருக்கு டீ கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்துச் சுடலை வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அன்றைக்கு என்ன பேசினான் என்று ஏட்டையாவைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். கல்லைத் தொடாதே என்று மூன்று தடவை சொன்னதை மூன்று தடவையாகவே சொன்னாராம். சர்க்கார் வக்கீல் அது வேண்டாம், கடைசியில் சொன்னதை மட்டும் சொல்லுங்கள் என்றாராம். "அப்படித் தனியா அவன் சொல்லலியே" என்று இவர் சொல்லியிருக்கிறார். கோர்ட்டு சுடலையை விட்டுவிட்டது. உள்ளே போனதும் இவர் வாயால். வெளியே வந்ததும் இவர் வாயால். சுடலையின் அம்மா அவரோடு பேசவில்லை. ஆனால் துப்புவதும் இல்லை.

கோர்ட்டு விட்டது மேலே இருக்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை உள்ளே போனால் ஒரு வருஷத்துக்கு வெளியே வர முடியாது என்று சுடலையிடம் வக்கீலே சொன்னார். அவன் அம்மாவுக்கு அதற்குள் நெஞ்சுச் சளி. பீடித் தூள் ஏறின நெஞ்சு. ஒரு வருஷம் தாங்குமா என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவன் வந்த பிறகு முதல் கூட்டம். சுடுகாட்டுப் பாதைக்காக. ரேஷன் கடை முன்னால் சாயங்காலம் என்று வைத்திருந்தார்கள். முதல் நாள் மத்தியானம் ஏட்டையா என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு நான் வர மாட்டேன்வே. லீவு."

அவர் லீவு போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. மகனுக்கு அம்மை போட்டிருந்தபோதும் வந்தவர்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"வீட்டுல?"

"வீட்டுலயும் ஒண்ணும் இல்ல."

"அப்பொறம் எதுக்கு லீவு?"

"லீவுன்னு சொல்லுதேன். அம்புட்டுதான்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுடலையிடம் போய்ச் சொன்னேன். பக்கத்திலிருந்த பையன்கள் கைதட்டினார்கள். "கெழடு வரலியா? அப்ப நாளைக்கு மனசு விட்டுப் பேசலாம்ணே!" என்றான் ஒருவன். சுடலையும் சிரித்தான். இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு ஒன்று தெரியும். அவர் கேட்டால், சொன்னது மட்டும்தான் மேலே போகும். அவர் கேட்காவிட்டால் எதுவும் போகும். அது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பேச்சு வராது.

மறுநாள் சாயங்காலம் குழாய் கட்டக் கம்பத்தில் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். அரிசி மில்லுக்குப் பின்னால் போலீஸ் வேன்கள். உள்ளே ஆட்கள் தலைக்கவசத்தோடு. குளத்துக்கரையில் முகம் தெரியாத நாலைந்து பேர் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். காலடியில் சாக்கு மூட்டை, உள்ளே கல் மாதிரி முண்டு முண்டாக. இறங்கி வந்து பையன்களிடம் சொன்னேன். "வேன் என்னைக்குண்ணே நிக்கல?" என்றார்கள்.

கூட்டம் சேர்ந்தது. பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். சுடலையின் அம்மா மடியில் பீடித் தட்டு வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் செட்டை வைத்தேன். பழக்கத்தில் நாற்காலியையும் விரித்துப் போட்டேன்.

ஏட்டையாவுக்குப் பதிலாக ஒரு புது ஆள் வந்திருந்தார். வயது கம்மி. நாற்காலியைப் பார்த்தார், வரவில்லை. கூட்டத்துக்கு வெகு பின்னால், மில் சுவர் ஓரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே நின்றால் குழாய்ச் சத்தம் சுவரில் அடித்துத் திரும்பும். ஒரு வார்த்தை விளங்காது. என் தொழிலில் அது எனக்குத் தெரியும். கேட்க வந்தவன் அங்கே நிற்க மாட்டான். கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சுடலை மைக்கைப் பிடித்தான். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றான்.

நான் செட்டுக்குப் பின்னால் கையை விட்டு, குழாய்க்குப் போகும் ஒயரைக் கழற்றினேன். செட்டு ஓடும்போது அப்படிச் செய்யக் கூடாது. செட்டு கெடும். கெட்டால் கெடட்டும் என்று விட்டேன்.

சத்தம் நின்றது. சுடலை மைக்கைத் தட்டினான். இறங்கி வந்தான்.

"என்னண்ணே?"

"செட்டு போச்சு."

செட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"வெளக்கு எரியுதே."

"எரியும்."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"இன்னைக்கு ஆவாது."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் காலி நாற்காலியைப் பார்த்தான். தலையைத் தூக்கி, மில் சுவர் ஓரம் நின்ற புது ஆளைப் பார்த்தான்.

"அந்த ஆளு அங்கன நின்னு என்னத்தக் கேக்கான்?"

"அதத்தான் நானும் பாக்கேன்."

முன்னால் ஒரு பையன் கத்தினான். "மைக்கு எதுக்குண்ணே? ஒனக்குத் தொண்ட இல்லியா? பேசுண்ணே!"

சுடலை மேடையில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான். "வாய மூடுலே. செட்டு ரிப்பேரு. கூட்டம் கெடையாது. பொம்பளையாள மொதல்ல அனுப்பு. ஓடாதிய, பைய நடங்க. ஒருத்தனும் குளத்தங்கரப் பக்கம் திரும்பக் கூடாது."

அவன் அம்மா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தது. என்னைப் பார்த்தது. நாற்காலியைப் பார்த்தது. "வா, சோறு ஆறுது" என்று மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

இருட்டுவதற்கு முன்னால் இடம் காலியாகிவிட்டது. குளத்துக்கரை ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேன் நின்ற பக்கமே போனார்கள். கொஞ்ச நேரத்தில் வேன்களும் போயின. நான் ஒயரைச் சுருட்டினேன்.

சுடுகாட்டுப் பாதை கிடைக்க அப்புறம் ரொம்ப நாள் ஆயிற்று. கலெக்டர் ஆபீசுக்கு நடந்து நடந்துதான் கிடைத்தது. அந்த ரோட்டு வழியாக முதலில் போன பிணம் சுடலையின் அம்மாதான். மகன் தோளில்தான் போனது. அதற்கு அவன் ஜெயிலிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.

ஏட்டையாவை மாற்றிவிட்டார்கள். கிழக்கே, கடலோரம் எங்கேயோ. போகிறதுக்கு முன்னால் என் கடைக்கு வந்தார். நான் நாற்காலியை விரித்துப் போட்டேன். டீ சொன்னேன். செட்டு பிரித்துக் கிடந்தது. நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது.

"எதுக்கு அன்னைக்கு லீவு போட்டீரு?" என்று கேட்டேன். கேட்டால் சொல்லுவார் என்று தெரியும்.

"மொத நாளே என்னைக் கூப்பிட்டாவ. நாளைக்கு இன்னின்னது பேசுனான்னு சொல்லணும்னாவ. நான் இன்னும் கேக்கலையேன்னேன். கேக்காண்டாம், சொன்னாப் போதும்னாவ." டீயை ஊதினார். "என்னால முடியலவே. லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

பிரித்துக் கிடந்த செட்டின் மேல் அவர் கண் போனது.

"அன்னைக்கு செட்டு ரிப்பேருன்னு சொன்னாவ."

"ஆமா."

"பேச ஆரம்பிச்ச ஒடனேயாமே."

"ஆமா. அது என்னன்னா..."

அவர் சட்டென்று கையைத் தூக்கினார். டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

"சொல்லிராதியும்வே" என்றார். "நீரு சொல்லிட்டீருன்னா நான் கேட்டிருக்கேன்னு ஆயிரும். பொறவு யாராவது என்கிட்ட கேட்டா சொல்லியாகணும்."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"டீ எப்படி?" என்றேன்.

"சீனி கொறவு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் புது ஆள் செட்டுப் பக்கமே வந்தார். உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். வண்டியில்தான் இருந்தது.